பொருந்தாத கையெழுத்து

இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் கட்டடக் கம்பி வளைத்துவிட்டு கருத்தபாண்டி ஊரோடு வந்துவிட்டார். மஸ்கட் போவதற்கு முந்தின வாரம் முதுகுளத்தூர் பேங்கில் ஆரம்பித்த கணக்கிலிருந்து பணம் எடுக்கப் போனார். மடங்காத விரல்களால் எட்டுத் தடவை கையெழுத்துப் போட்டார். எட்டையும் மேனேஜர் தள்ளிவிட்டார்.

“பழைய கையெழுத்து அப்படியே வரணும்யா. இல்லாட்டி நீதான் அந்த ஆளுன்னு எப்படி நம்புறது?”

கூட வந்த மனைவி அழகுமீனா மேஜைமேல் இருந்த கணக்கு அட்டையை எட்டிப் பார்த்தாள். போட்டோவில் சுருட்டை முடியோடு ஓர் இளவட்டம் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நீங்க சொல்றது சரிதான் சார். எனக்கும் பொருந்தலை. நான் அனுப்பி வச்சது இந்த ஆளைத்தான். இவரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க, வந்தவரை நான் திருப்பி அனுப்பிடுறேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேனேஜர் அப்போதுதான் கருத்தபாண்டியின் விரல்களைப் பார்த்தார். புது அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதுல எப்படி வருதோ அப்படிப் போடுங்க. புதுப் போட்டோ ஒட்டிக்கலாம். பழசைக் கிழிச்சிடவா?”

“என்கிட்ட குடுங்க சார்,” என்றாள் அழகுமீனா. “கல்யாணமாகி அவரோட நான் வாழ்ந்தது நாப்பதே நாளு.”