சும்மா அச்சு

வேள் கடுந்தேவன் பட்டமேறிய ஆறாம் ஆண்டு, ஆடி மாதத் தொடக்கத்தில், பன்னிரண்டு வண்டி உப்புடன் தாழையூரிலிருந்து புறப்பட்டான் நல்லாதன் என்னும் உமணன். வயது முப்பத்தொன்பது. ஊரில் அதிக வண்டி வைத்திருந்தவன் அவன்தான். பெரிய வயிறும் அவனுடையதுதான்.

கேட்பவர்களில் சிறியவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு போய் மலையூர்களில் மிளகுக்கும் நெல்லுக்கும் மாற்றி வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் உமணர் என்று பெயர். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வண்டியின் அடியிலும் இன்னொரு அச்சைக் கட்டி வைப்பார்கள். ஓடுகிற அச்சு வழியில் முறிந்தால் இதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர்.

நல்லாதன் அதற்கு வேறு பெயர் வைத்தான். சும்மா அச்சு.

"இருபது வருஷமாகச் சும்மா வருகிறது, சும்மா போகிறது. இந்தக் கட்டையின் கனத்துக்கு இரண்டு மூட்டை உப்பு ஏற்றலாமே" என்றான். ஊர் சிரித்தது. பணக்காரன் வேடிக்கை பேசினால் ஊர் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கும்.

பன்னிரண்டு அச்சையும் அவிழ்த்து எடுத்தான். அவற்றை வரிசையாகச் சேர்த்துப் பிணைத்து ஓர் ஊஞ்சல் செய்தான். வீட்டில் இருந்தால் ஊஞ்சலில் படுத்தான். வழியில் போனால் முதல் வண்டியின் உப்பு மூட்டைமேல் படுத்தான். உமணர் வண்டியோடு நடக்கிறவர்கள். இவன் நடப்பதை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

தச்சன் சொன்னான், "முதல் வண்டி அச்சில் கீறல் தெரிகிறது." நல்லாதன் கேட்கவில்லை.

மனைவி எயினி சொன்னாள், "படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு இரைக்கிறது." அதையும் கேட்கவில்லை.

வண்டி இழுத்த காரி என்ற கிழ எருதும் சொன்னது. இது பழைய கதை, எருது பேசும். "ஐயா, உப்பு கனக்கவில்லை. நீர்தான் கனக்கிறீர்" என்றது. மாடு சொல்வதையா கேட்பான்?

கல்லாற்றின் நடுவில் முதல் வண்டியின் அச்சு முறிந்தது. வண்டி சாய்ந்து வழியை அடைத்தது. பின்னால் வந்த பதினொன்றும் தண்ணீரில் நின்றன. மாற்று அச்சு எங்கே என்று வண்டிக்காரர்கள் கேட்டார்கள். வீட்டில் ஊஞ்சலாகத் தொங்குகிறது என்று எப்படிச் சொல்வது? மேலே மலையில் பெய்த ஆடி மழை அதற்குள் கீழே வந்துவிட்டது. மனிதரும் மாடுகளும் கரையேறினார்கள். வண்டிகளைக்கூட மறுநாள் இழுத்துவிட்டார்கள். உப்பைத் தண்ணீரிலிருந்து யார் எடுப்பது?

கல்லாற்றுக் கரை ஊர்களில் ஒரு வாரம் மீன் குழம்புக்கு உப்பே போடவில்லை என்று கேலி பேசினார்கள்.

உப்பளத்துக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்காக நல்லாதன் வண்டிகளை விற்றான். சேந்தன் என்ற இளைஞன் பதினொரு வண்டிகளையும் மாடுகளோடு வாங்கிக்கொண்டான். முறிந்த வண்டியை நல்லாதனே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று, வாங்க ஆள் இல்லை. காரியின் ஜோடி மாடு விலைபோயிற்று, காரியை வாங்க ஆள் இல்லை.

இன்னும் ஒரு கவலை இருந்தது. மிளகுக்குன்றில் நடக்கும் ஆடிச் சந்தைக்கு ஒரு விதி உண்டு. தன் வண்டி, தன் உப்பு, தன் மாடு, இந்த மூன்றோடும் வரவேண்டும். மூன்று ஆடி தொடர்ந்து வராதவனின் வழியுரிமை போய்விடும். அதற்குப் பிறகு அவன் அந்தப் பாதையில் அடுத்தவன் வண்டிக்குக் கூலியாகத்தான் நடக்கலாம். அப்பன், பாட்டன் எல்லாம் போன பாதை அது. நல்லாதனுக்கு ஓர் ஆடி ஆற்றோடு போயிற்று.

வாழ்க்கையைத் திரும்பக் கட்ட அவன் முதலில் நிமித்தகாரனிடம் போனான். "பெயரில் குறை. நல்லல்லாதன் என்று மாற்று" என்றான் நிமித்தகாரன். மாற்றினான். ஊரார் நல்லவன் அல்லாதவன் என்று பொருள் கண்டுபிடித்தார்கள். மறுபடியும் நல்லாதன் ஆனான்.

அடுத்து வைத்தியனிடம் போனான். நெய்யும் வெல்லமும் போட்டுக் கிண்டிய லேகியத்தைக் கொடுத்து, "உண்டுவிட்டு அசையாமல் படு" என்றான் வைத்தியன். உண்டான். படுத்தான். ஊஞ்சல் கயிறு அறுந்தது.

கடைசியில் ஒரு பணக்கார மைத்துனனிடம் போனான். "பன்னிரண்டு வண்டிக்கும் நான் தருகிறேன். ஒரே வருஷத்தில் திருப்பிவிடு, இல்லாவிட்டால் வீடு எனக்கு" என்றான் மைத்துனன். நல்லாதன் அதற்கும் தலையாட்டப் பார்த்தான். எயினி அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இதற்குள் இரண்டாம் ஆடியும் போயிற்று.

"நாற்பது ஆகிவிட்டது எயினி. இருபது வயசுப் பையன்கள் தொடங்குகிற வேலை. இனி நான் எங்கே தொடங்குவது?" என்றான்.

"தொடங்க என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்றாள் எயினி. "ஒரு வண்டி இருக்கிறது. அதற்கு அச்சு வேண்டும். கீழே விழுந்து கிடக்கிற ஊஞ்சலில் பன்னிரண்டு அச்சு இருக்கிறது."

நல்லாதன் ஊஞ்சலைப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிரித்தான். ஓர் அச்சை வண்டியில் மாட்டினான். இரண்டாவதை வண்டியின் அடியில் கட்டினான். யாரும் சொல்லாமலே கட்டினான். மீதியை உப்பளத்துக்குக் கொடுத்து, எடைக்கு எடை உப்பு வாங்கினான்.

"நுகத்தில் இரண்டு இடம் இருக்கிறதே, மாடு ஒன்றுதானே இருக்கிறது?" என்றான்.

எயினி காரியைப் பார்த்தாள். காரி சொன்னது.

"ஏழு வருஷம் என் பின்னால் உட்கார்ந்து வந்தீர். இப்போது பக்கத்தில் வாரும். இடப்பக்கம் என்னுடையது."

அடுத்த ஊருக்கு அரை வண்டி உப்பு. நுகத்தின் ஒரு பக்கம் கறுப்பு எருது, மறுபக்கம் வேர்த்து விறுவிறுத்த ஒரு மனிதன், பின்னால் தள்ளிக்கொண்டு எயினி. தெருவே வெளியே வந்து பார்த்தது. "எயினி அக்கா, உன் வலது மாட்டுக்குப் பல் எத்தனை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பல்லெல்லாம் இருக்கிறது. கொழுப்புதான் குறையவேண்டும்" என்றாள் எயினி. "உப்பு வேண்டுமா, வேண்டாமா?"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உப்பு வாங்கினார்கள்.

முதல் நாள் நல்லாதன் ஒவ்வொரு புளியமரத்தடியிலும் மூச்சு வாங்க நின்றான். கிழ எருதாயிற்றே, அதுவும் கூடவே நின்றது. அவன் அதை விரட்ட முடியாது, அது அவனை விரட்டாது. அப்படியே போனார்கள். ஒரு மாதம் கழித்துப் புளியமரங்களை அவன் கவனிக்கவில்லை. இன்னும் சில மாதங்களில் வேட்டியை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினான். இரவில் படுத்ததும் தூங்கினான். பானையில் நெல் இருந்தது. நிறைய நெல் இல்லை, ஆனால் நாளைக்கும் இருக்கிற நெல்.

மூன்றாம் ஆடி வந்தது. வேளின் எட்டாம் ஆண்டு.

ஒரு வண்டி உப்பு சேர்ந்திருந்தது. அதை மிளகாக மாற்றினால் இன்னொரு மாடு வாங்கலாம். அதைவிட முக்கியம், சந்தை மூடுவதற்குள் போனால் வழியுரிமை நிலைக்கும். சந்தையின் விதி எளியது. கதிர் மறையும்போது வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகள் எல்லாம் நுழைந்த பிறகு கதவைச் சாத்துவார்கள். கதவு சாத்துவதற்குள் வந்தவன் வந்தவன். சாத்திய பிறகு வந்தவன் வராதவன்.

கடைசி நாள் காலையில் அவர்கள் கல்லாற்றுக்கு வந்தார்கள்.

ஆற்றின் நடுவில் பதினொரு வண்டிகள் நின்றன. முதல் வண்டி சாய்ந்திருந்தது. அதன் முன்னால் சேந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"சேம அச்சு எங்கே சேந்தா?" என்று கேட்டான் நல்லாதன்.

"இல்லை அண்ணே. நீர் கட்டவில்லையே. பெரிய உமணரே கட்டவில்லை, நாம் ஏன் கட்டவேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சும்மா அச்சு என்று நீர் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்."

அவன் பேசும்போதே தண்ணீரின் நிறம் மாறியது. தெளிவாக இருந்தது செம்மண்ணாக வந்தது. மலையில் மழை.

சாய்ந்த வண்டிக்கு இடப்புறம் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் இருந்தது. நெருக்கி நின்ற சேந்தனின் வண்டிகளைத் திருப்ப முடியாது, தனியாக வந்த நல்லாதன் போய்விடலாம். போனால் சந்தைக்கு நல்ல வெளிச்சத்தில் சேரலாம். நின்றால், சேரலாம், சேராமலும் போகலாம்.

சாய்ந்த வண்டியையே அவன் பார்த்து நிற்க, எயினி கேட்டாள். "கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்களா? வண்டியை எப்படித் தூக்குவது என்று யோசிக்கிறீர்களா?"

"எப்படித் தூக்குவது என்று."

"அப்படியானால் சரி" என்று அவள் தங்கள் வண்டியின் சேம அச்சை அவிழ்க்கப் போனாள்.

சேந்தன் ஓடி வந்தான். "என்ன விலை அண்ணே? பாதி உப்பு தருகிறேன்."

"நீ பேரம் பேசி முடிப்பதற்குள் ஆறு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடும். மூட்டைகளைப் பின் வண்டிக்கு மாற்று."

மாற்றினார்கள். நல்லாதன் இடுப்பளவு தண்ணீரில் வண்டிக்கு அடியில் புகுந்து முதுகைக் கொடுத்தான். நுகத்தில் தேய்ந்த முதுகு அது. வண்டி எழுந்தது. முறிந்த அச்சை உருவி மாற்று அச்சை நுழைத்தார்கள். ஒரு செதுக்கல்கூடத் தேவைப்படவில்லை. அந்த வண்டிக்கென்று செய்து, ஒரு காலத்தில் அதன் அடியிலேயே கட்டியிருந்த அச்சுதான் அது.

பன்னிரண்டு வண்டிகளும் கரையேறின. வெள்ளம் கொஞ்சம் பின்னால் வந்து, யாரும் இல்லாத ஆற்றைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஆனால் தூக்கியதில் நல்லாதனின் இடது முழங்கால் பிசகிவிட்டது.

"என் மாட்டில் ஒன்றைக் கட்டிக்கொள்ளும் அண்ணே" என்றான் சேந்தன்.

"தன் மாடு என்பது விதி. உன் மாட்டோடு போனால் நான் வராதவன்தான். நீ முன்னால் போ. மலைப்பாதை ஒடுக்கம். என் பின்னால் வந்தால் நீயும் கெடுவாய்."

சேந்தன் போனான். காரியும் நல்லாதனும் ஏறத் தொடங்கினார்கள். எயினி தள்ளினாள். ஒருவனுக்கு முழங்கால் வலி, ஒன்றுக்கு வயசு. ஏற்றம் இருவரையும் சமமாகவே நடத்தியது.

சந்தை வாசலில் கொற்றி என்பவள் நின்றாள். யார் வந்தார், யார் வரவில்லை என்று சொல்கிற அதிகாரம் அவளுடையது. கதிர் குன்றின் பின்னால் இறங்கியது. சேந்தனின் பதினொரு வண்டிகளும் வாசலில் வரிசையாக, உள்ளே போகாமல் நின்றன.

"போயேன்டா" என்றாள் கொற்றி.

"போகிறேன் அக்கா" என்றான் சேந்தன். முதல் வண்டியின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அது குடித்து முடித்ததும், இரண்டாவது வண்டியின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். மூன்றாவது வண்டிக்கு எவ்வளவு சுங்க உப்பு என்று நெடுநேரம் வாதாடி, கேட்டதைவிட ஒரு படி அதிகமாகக் கொடுத்தான். ஏழாவது வண்டி அரை அடி நகர்ந்து நின்றது.

"ஏன்டா, உன் மாடுகளுக்கெல்லாம் ஒரே நாளில் மூட்டு வலியா?"

"ஆமாம் அக்கா. உப்புக் காற்று."

"மலையில் ஏது உப்புக் காற்று?"

"எங்களோடு வந்துவிட்டது."

கொற்றி பாதையைப் பார்த்தாள். மங்கிய வெளிச்சத்தில், வளைவுக்கு அப்பால் ஒரு நுகமும் அதன் கீழே இரண்டு தலைகளும் தெரிந்தன. ஒன்றுக்குக் கொம்பு இருந்தது. அவள் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் கால் வலிக்கிறது. மெதுவாகவே போ" என்றாள்.

பதினோராவது வண்டியின் பின்சக்கரம் வாசலைத் தாண்டும்போது நல்லாதனின் வண்டி வந்து அதைத் தொட்டது.

"வண்டி யாருடையது?" என்றாள் கொற்றி.

"என்னுடையது."

"உப்பு?"

"என்னுடையது."

"மாடு? ஒன்று காரி, தெரியும். மற்றது?"

நல்லாதன் நுகத்திலிருந்து கழுத்தை எடுக்காமல், மூச்சு வாங்கச் சிரித்தான். "வெகுகாலம் எனக்கு உதவாமல் கிடந்தது. இப்போதுதான் அக்கா என்னுடையது."

"நல்லாதன் வந்தான்" என்று கொற்றி உரக்கச் சொன்னாள். அதன்பிறகு கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் மிளகு கொடுத்து ஓர் இளம் எருதை வாங்கினான். சேந்தன் பதினொரு சேம அச்சு வாங்கினான். திரும்பும்போது காரியை வண்டியின் பின்னால் கட்டினார்கள். "இனி நான் பின்னால் வருகிறேன். நீர் நடந்தே வாரும்" என்றது அது. நல்லாதன் நடந்தே வந்தான்.

கதை சொல்வது இவ்வளவுதான்: உடம்பும் சேமிப்பும் நல்ல நட்பும் நல்ல நாளில் சும்மா வருவதுபோலத் தெரியும், ஆனால் முறிகிற நாளில் நம்மைக் கரையேற்றுவது அவைதான், அவற்றை விட்டவன் நாற்பது வயதிலும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

வேள் கடுந்தேவனின் பதினைந்தாம் ஆண்டு, ஆடி மூன்றாம் நாள், நல்லாதன் ஐந்து வண்டிகளுடன் கல்லாற்றைக் கடந்தான். இரண்டாம் வண்டியின் அச்சு முறிந்தது. மாற்றிக்கொண்டு போனார்கள்.