பாலாடை பிடித்த கை

“அம்மா, நானும் என் தங்கச்சியும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவங்க. எனக்கு மட்டும் ஏன் இந்தக் குடி?”

மலையடி மடத்தில் குருவம்மா முன்னால் நின்று கேட்டான் காத்தமுத்து. தோளில் தாயில்லாத கைக்குழந்தை. பின்னால் தங்கை பவளக்கொடி.



“எங்கப்பன் குடிச்சே செத்தான். அந்த ரத்தம்தான்னு ஊரே சொல்லுது. இவளுக்கும் அதே ரத்தம்தானே? ஒரு சொட்டு தொட்டிருப்பாளா? அப்போ கோளாறு என் புத்தியிலதான். பிள்ளையை இவகிட்ட விட்டுட்டு எங்கேயாவது போயிடறேன். உத்தரவு குடுங்க.”

“அவ என்ன சொல்றா?” என்றார் குருவம்மா.

“அவ என்ன சொல்லுவா? தங்கமான பொண்ணு.”

பவளக்கொடியின் கைகள் முந்தானைக்குள் இருந்தன.

குழந்தை பசியில் வீறிட்டது. குருவம்மா அதை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார். மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் பால் ஊற்றித் தங்கையிடம் நீட்டினார்.

“புகட்டு.”

“நீங்களே புகட்டுங்கம்மா.”

“வளர்க்கப் போறவ நீதானே?”

“வாங்குடி,” என்றான் காத்தமுத்து. “பாலாடை என்ன கடிக்கவா போவுது?”

வாங்கினாள். கை நடுங்கி, பால் குழந்தையின் வாய்க்குப் போகாமல் கழுத்தில் வழிந்தது.

“உங்களைப் பார்த்துப் பயந்துட்டாம்மா!” அவன் சிரித்தான். “இங்கே குடு.”

அவன் கையும் அப்படியே நடுங்கியது. பாலும் அதே கழுத்தில்தான் வழிந்தது.

சிரிப்பு நின்றது. அவள் கையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான்.

“எப்போலேருந்துடி?”

“எம்மகனைப் பெத்துப் படுத்திருந்தப்போ. உடம்பு வலிக்கு மருந்துன்னு நம்ம ஆத்தா ரெண்டு மூடி ஊத்திக் குடுத்துச்சு. வலி போயிடுச்சு. அது போகல.”

“பொய் சொல்லாதே. எனக்கு வாடை தெரியாதா?”

“உன் வாடையில என் வாடை எங்கேண்ணே தெரியும்?”

அவன் கையிலிருந்த பாலாடையைக் குருவம்மா வாங்கிக்கொண்டார்.

“நீ விழுந்தா தூக்கிட்டு வர ஆளு இருக்கு. ஆம்பளைன்னா அப்படித்தான்னு பாய் போட்டுப் படுக்க வைக்கிறாங்க. நான் வாயைத் திறந்தா, எம்புள்ள மூஞ்சியைக்கூட மாமியா வீட்டுல காட்ட மாட்டாங்க. தவிட்டுப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுக் குடிக்கிறேன்.”

“ஆத்தாவுக்கு எவன்டி சாராயம் வாங்கிக் குடுத்தான்? அவனை…”

“நீதாண்ணே.”

குருவம்மா குழந்தைக்கு நிதானமாகப் பால் புகட்டி முடித்தார். வாயைத் துடைத்துவிட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“போறேன்னியே. யாரை, யார்கிட்ட விட்டுட்டு?”