அமராவதி எழுப்புன பாதிச் செவுரு

காலை ஆட்டாம படு. ஆட்டுனா கதை கிடையாது, சொல்லிட்டேன். ஆங், அப்படி. நடுநடுவுல "ம்" கொட்டணும். நீ பாட்டுக்குத் தூங்கிட்டா உன் அத்தை யாருக்குடி கதை சொல்றது?

ஒரு ஊர்ல ஒரு சித்தாளு. ஒண்ணு இல்ல, ரெண்டு. வீடு கட்டுற எடத்துல கலவைய சட்டியில அள்ளி, தலையில வச்சு, கொத்தனாருக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறவதான் சித்தாளு. ஒருத்தி பேரு அமராவதி. இன்னொருத்தி பேரு வேண்டாம், அவ ஒரு கழுத.

"நெசமா கழுதையா அத்தை?"

கழுததான், கேளு. ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குப் போவாங்க, ஒரே தூக்குவாளியில சாப்பிடுவாங்க. பன்னெண்டு வருசம் சட்டி தூக்குனாங்க. ஆம்பளை ஒருத்தன் நேத்து வேலைக்கு வந்தான்னு வையி, ரெண்டே வருசத்துல கலவை பூசுற கரண்டி பிடிச்சு கொத்தனார் ஆயிடுவான். பொம்பளை மட்டும் தலை நரைச்சாலும் சித்தாளுதான். கரண்டியத் தொட்டாலே மேஸ்திரி கத்துவாரு, "ஏ, வை கீழ! பொம்பளை கட்டுனா செவுரு நிக்குமா?"ன்னு.

அப்போ டவுன்ல இருந்து மகளிர் சங்கத்துக்காரங்க வந்தாங்க. பொம்பளைங்களுக்குக் கொத்து வேலை கத்துத் தர்றோம், மூணு மாசம், பேரு குடுங்கன்னாங்க. ரெண்டு பேரும் குடுத்தாங்க. கழுத நாலாம் நாளே ஓடி வந்துட்டா. மாமியா சிரிச்சுச்சாம், மகாராணிக்கு ரோசம் வந்துருச்சாம். அமராவதி கடைசி வரைக்கும் இருந்தா. நூல் பிடிப்பா, செங்கல்ல டொக்கு டொக்குன்னு தட்டி உக்கார வைப்பா. கட்டுவா, இடிப்பா, மறுபடி கட்டுவா. முடிஞ்சதும் அவளுக்குன்னு ஒரு கரண்டி குடுத்தாங்க. எங்க, "ம்" காணோம்?

"ம்."

அப்புறம் அவ கரண்டியோட வேலைக்கு வந்தா. மேஸ்திரிக்குத் துரத்த ஆசைதான், ஆனா சங்கத்துக்காரங்க ஓனர்கிட்டப் பேசி வச்சிருந்தாங்க. சரி பாப்போம்னு வீட்டு மூலையக் கட்டச் சொன்னாரு. மூலைதான் கஷ்டம், கொஞ்சம் சாஞ்சாலும் வீடே கோணிரும். இவ டொக்கு டொக்குன்னு இடுப்பு உசரத்துக்கு எழுப்பிட்டா. மேஸ்திரி தூக்குக்குண்டத் தொங்க விட்டு, நேரா இருக்கான்னு பாத்தாரு. ஒரு நூல் பிசகல.

அப்போ சாரத்துல ஏறச் சொன்னாரு. மூங்கில் கட்டிப் பலகை போட்டிருக்கும்ல, அது. காத்தடிச்சா கிரீச் கிரீச்னு ஆடும். புருசன் சட்டைய சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு சரசரன்னு ஏறிட்டா. கீழ இருந்த கொத்தனாருங்களே "எம்மாடி!"ன்னு நின்னுட்டாங்க.

அப்போ மூணாவதா மேஸ்திரி ஒண்ணு பண்ணாரு பாரு. எங்க பக்கம் திரும்பி, "இவளுக்கு எவ சட்டி தூக்கப் போறா? நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன். இஷ்டம் இருக்கிறவ போங்க"ன்னாரு.

"எங்க பக்கமா? நீ அங்க இருந்தியா?"

இருந்தேன். அந்தக் கழுத நான்தான். போதுமா? ஏழு பேரு நின்னோம். மேல இருந்து அமராவதி என்னத்தான் பாத்தா. "ராக்கு, வாடி"ன்னா.

நேத்து வரைக்கும் எங்கூட சட்டி தூக்குனவளுக்கு இன்னிக்கு நான் தூக்கணுமா? டீ வந்தா மேல கொண்டுபோய் அவ கையில குடுக்கணுமா? வயிறு எரிஞ்சுச்சுடி. அவ படிச்சு முடிச்சா, நான் ஓடி வந்தேன், அந்த எரிச்சல் வேற. சட்டிக்கு அடியில வைக்கிற சும்மாட்ட அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு நின்னேன். மத்த ஆறு பேரும் என் மூஞ்சியப் பாத்தாளுக. நான் ஒரு எட்டு வச்சிருந்தா அவளுகளும் வந்திருப்பாளுக. வைக்கலையே.

அப்புறம் என்ன, அவளே எறங்குனா. அவளே கலவை அள்ளுனா, ஏறுனா, நாலு கல்லு வச்சா, மறுபடி எறங்குனா. தொப்பு தொப்புன்னு வேர்வை. அவ ஏறி எறங்குறதுக்குள்ள கலவை காஞ்சு போகும். சாயங்காலம் அவளோடது பாதிச் செவுருதான் நின்னுச்சு. ஆம்பளைக கட்டுனது முழுசா நின்னுச்சு, அவங்களுக்குத்தான் நாங்க ஓடி ஓடித் தூக்குனோமே! மேஸ்திரி ஓனரக் கூட்டி வந்து, "பாருங்க சார், நான் தடுத்தேனா? பொம்பளைக்கு வேகம் பத்தல"ன்னாரு.

மூணு நாள் அப்படிப் பாத்தா. நாலாம் நாள் கரண்டியப் பையில போட்டுட்டு எங்க வரிசையில வந்து சட்டி எடுத்தா. ஒரு வார்த்தை திட்டல.

அப்புறம் சங்கத்து அம்மா வந்தாங்க. "ஏம்மா விட்டுட்ட? யாராச்சும் தொந்தரவு பண்ணாங்களா?"ன்னு கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். "இல்லம்மா, எனக்கு அந்த வேலை வரல"ன்னுட்டா. அவங்க எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வருசம் அந்த வகுப்பே நடக்கல. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒரு பொம்பளையும் கரண்டி பிடிக்கல.

"நான்தான் தூக்கலன்னு நீ சொல்லலையா அத்தை?"

இல்லடி.

"அவங்க இப்போ எங்க இருக்காங்க?"

பின்னாடித் தெருவுலதான். முட்டி தேஞ்சு போச்சு, பாவம். என்னப் பாத்தா, "சாப்ட்டியா ராக்கு?"ன்னு கேப்பா.

"நாளைக்குப் போய்ச் சொல்லுவோமா? நானும் வர்றேன்."

நானும் எத்தனையோ தடவை கிளம்பிட்டேன்டி. அவ தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன். அவ திட்டுனா வாங்கிக்குவேன், செருப்பால அடிச்சாலும் வாங்கிக்குவேன். ஆனா அவ திட்ட மாட்டா. "அட விடுடி"ம்பா. அதத்தான் என்னால தாங்க முடியாது.

கதை நடந்து போச்சு, காலு ஓஞ்சு போச்சு. கண்ணை மூடு, தூங்கு.