கௌதாரி அடைகாத்த பந்து

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், செங்குத்தாக ஒரு பாறை நின்றது. காட்டில் உள்ள பெண் விலங்குகளும் பெண் பறவைகளும் வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூடிப் பந்து ஆடும். இருவர் மாறி மாறிப் பந்தைப் பாறையில் அடிக்க வேண்டும். திரும்பி வரும் பந்து தரையில் இரண்டு முறை குதிப்பதற்குள் அடித்தாக வேண்டும். தவறினால் எதிராளிக்கு ஒரு புள்ளி.

ஏழு வருடமாக அதில் கௌதாரியை அசைக்க ஆளில்லை. பந்தைப் பாறையில் உயரமாக அடித்து, எதிராளியின் தலைக்கு மேலே பறக்கவிட்டு, ஆடுகளத்தின் பின்மூலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

எட்டாம் வருடம் கௌதாரி முட்டையிட்டது. இருபது நாள் அடைகாத்தது. பிறகு நான்கு குஞ்சுகளோடு ஒரே அலைச்சல். பந்தைத் தொட்டே இரண்டு மாதம் ஆகிவிட்டது.

"கௌதாரி கதை முடிஞ்சுது. இருபது நாள் குந்திக் கிடந்த உடம்பு, இனிமே எங்கே ஆடும்?" என்று நரி காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. புள்ளி எண்ணுவதும் பந்தைப் பாதுகாப்பதும் நரியின் வேலை.

கௌதாரிக்கும் உள்ளுக்குள் பயம்தான். தோற்றுப்போனால் நரி சொன்னது உண்மையாகிவிடும். அப்புறம் யாரும் தன்னை ஆட்டக்காரி என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஆட்டத்தன்று குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வந்து நின்றது.

எதிரே ஆட வந்தது ஓர் இளம் முயல். அதற்கு ஓடத் தெரியும், ஓரிடத்தில் நிற்கத்தான் தெரியாது.

ஆலமரத்துப் பாலைக் காயவைத்து உருட்டிச் செய்த பந்து அது. குளிர்ந்துவிட்டால் துள்ளாது; கௌதாரியின் உயர அடியும் பலிக்காது. தன் பேச்சு பொய்யாகிவிடக் கூடாதே என்று நரி அதை விடியற்காலையிலேயே ஓடையில் ஊறப்போட்டிருந்தது!

கௌதாரி சிறகால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தது. சாணி உருண்டை மாதிரி தொப்பென்று விழுந்தது பந்து.

"பந்தைச் சூடேத்த நேரம் உண்டுதானே?" என்று கேட்டது கௌதாரி.

"பாறை உச்சியில வெயில் விழுற வரைக்கும் உண்டு. அடிச்சு அடிச்சுச் சூடேத்திக்கோ. அதுக்குள்ள நீ களைச்சுப் போயிடுவே" என்று நரி சிரித்தது.

"நீங்களே ஏத்துங்க அக்கா. என்னால சும்மா நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு முயல் ஓட்டமாக ஓடிவிட்டது.

கௌதாரி பந்தை அடிக்கவில்லை. வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு, சிறகை விரித்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டது!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பாருங்க, பழக்கம் விடலை!" என்று கத்தியது நரி.

கடைக்குட்டிக் குஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "அம்மா, இது தம்பியா?" என்று கேட்டது.

"இல்லடா கண்ணு, பந்து."

"அதுக்குக் குளிருதா?"

"ஆமா, ரொம்பக் குளிருது."

"அப்போ நாங்களும் வர்றோம்."

நான்கு குஞ்சுகளும் சிறகுக்குள் நுழைந்து பந்தை ஒட்டிக்கொண்டன. கௌதாரிக்குக் கண் கலங்கியது. அதுவரை இருந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

உச்சியில் வெயில் விழுந்தது. முயலும் திரும்பி ஓடி வந்தது. கௌதாரி எழுந்து அடித்தது. வெதுவெதுப்பான பந்து பாறையில் பட்டுத் துள்ளிக்கொண்டு வந்தது.

முயலும் லேசுப்பட்டதல்ல. ஆட்டம் பத்துக்குப் பத்து என்று வந்துவிட்டது. அடுத்த புள்ளி எடுப்பவருக்கே வெற்றி. கௌதாரி உயரமாக ஒன்று அடித்தது. பந்து முயலின் காதுகளைத் தாண்டிப் பின்மூலையில் இறங்கியது. முயல் பாய்ந்து போய் எப்படியோ அடித்துவிட்டது.

"ஒரு குதிதான்! ஆடுங்க, ஆடுங்க!" என்றது நரி.

"இல்லை, ரெண்டு குதி. என் காலடியில விழுந்தது எனக்குத் தெரியாதா? அக்காதான் ஜெயிச்சாங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னது முயல். பிறகு, "பந்தை இப்படிச் சூடேத்த எங்கே அக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டது.

"இருபது நாள் குந்திக் கிடந்தேனே, அங்கேதான்" என்றது கௌதாரி.

கடைக்குட்டி பந்தைத் தலையால் உருட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, சீக்கிரம் உட்காரு. தம்பிக்கு மறுபடியும் குளிரப்போகுது!"

நீதி: அன்போடு செய்த எந்த வேலையும் வீணாகாது; வேண்டிய நேரத்தில் அதுவே கைகொடுக்கும்.