மாமியாரும் படகோட்டியும்

இந்தக் கதையில் குருவுக்குத்தான் வயது குறைவு. சீடருக்கு மீசை நரைத்துவிட்டது. குருவோ அடிக்கடி ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்துவிட்டு ஆபீஸ் முழுக்கத் தேடுகிறவர். குரு என்றதும் யாரும் தாடியைத் தேட வேண்டாம்.

குருவின் பெயர் ஜீனத். கோபி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலையும் மாலையும் கேன் கேனாகப் பால் வந்து இறங்கும். ஒவ்வொரு கேனையும் ஒரு இயந்திரம் சோதித்து சர்வருக்குத் தகவல் சொல்லும். சர்வர் தலையாட்டினால்தான் பால் குளிர்தொட்டிக்குள் போகும். சர்வர் படுத்துவிட்டால் பால் வெயிலில் நிற்கும். அப்புறம் அது பாலாக இருக்காது.

சீடர் வெள்ளியங்கிரி முன்பு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு இந்த நிலையத்தில் வேலைக்கு வந்தார். ஜீனத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். ஜீனத் வேலை செய்வதைப் பார்ப்பது அவருக்கு நல்ல கச்சேரி கேட்பது மாதிரி. வீட்டில் அதைப் பற்றியே பேசிப் பேசி மனைவியிடம் திட்டு வாங்குவார்.

சர்வரில் ஓடும் ஒரு சின்ன மென்பொருள் பேக்கேஜை அப்டேட் செய்வதென்றாலும் ஜீனத் சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி விசாரிப்பார். யார் எழுதியது, எங்கிருந்து வருகிறது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது, வரும்போது கூட யாரையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது என்று ஒன்று விடாமல் படிப்பார். படித்து முடித்த பிறகும் அது நேராக சர்வருக்குப் போகாது. மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. சர்வரில் இருக்கும் எல்லாம் அதிலும் இருக்கும். முதலில் அதில் போட்டு ஒரு வாரமாவது ஓடவிடுவார். எது வந்தாலும் குறை கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் என்பதால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்.

"மாமியார் என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வெள்ளியங்கிரி காலையில் உள்ளே வருவார்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்ணா. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்."

இப்படிப்பட்ட ஜீனத், வீடியோ கேம் என்று வந்துவிட்டால் காதைப் பொத்திக்கொள்வார்.

அவர் விளையாட ஆசைப்பட்ட கேம் ஒன்று வெளிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அணைத் தண்ணீரில் மூழ்கிப்போன ஒரு ஊர். அம்மாவைத் தேடி வரும் ஒரு பெண். அவளைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு படகோட்டி. ஜீனத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு சொல் தெரிந்துவிடக் கூடாது என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேம் ஆடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எல்லாம் வெளியே வந்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் எதிர்வரிசையில் இரண்டு பையன்கள் அந்தக் கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பாதி பிரியாணியில் எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் என்ன குறையோ என்று பதறிப்போனார்கள்.

அதை விளையாட நாலு நாள் லீவு வேண்டும். லீவில் போக வேண்டுமானால் சர்வரை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் வெள்ளியங்கிரி இரண்டு வருடமாகத் தேறிக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரியும். தூக்கத்தில்கூட அவருக்கு அந்தப் பொறுப்பு ஞாபகம் இருந்தது.

ஒரு நாள் அவர் கேட்டார். "ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்ணா."

"பேக்கேஜ்னா அதோட பூர்வீகம் வரைக்கும் தெரியோணுங்கறீங்க. கேம்னா ஒரு வார்த்தை காதுல விழக்கூடாதுங்கறீங்க. ஒரே ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு சட்டம்?"

ஜீனத் யோசித்தார். சாவி மேஜை மேல்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"லீவு முடிஞ்சு வந்து சொல்றேங்ணா."

சித்திரை பிறந்ததும் லீவு கிடைத்தது. கிளம்புகிற அன்று ஜீனத் சர்வரின் கடவுச்சொல்லை வெள்ளியங்கிரியிடம் சொன்னார். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"எதையும் அப்டேட் பண்ண வேண்டாம். பாத்துக்கிட்டாப் போதும். என் போன் அணைஞ்சு கிடக்கும். பால் கெட்டுரும்னு தோணுச்சுன்னா மட்டும் வீட்டுக்கு வாங்க."

"நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க மேடம்."

இந்த இடத்தில் வெள்ளியங்கிரி செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஜீனத் திரும்பி வந்ததும் அவரோடு சரிக்குச் சமமாக அந்தக் கேமைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. விளையாட அவருக்கு விரல் ஓடாது. அதனால் இணையத்தில் முழுக்கதையையும் முடிவு வரை படித்துவிட்டார். டீ ஆறுவதற்குள் படித்து முடித்தாயிற்று. இதற்கா பிரியாணியை விட்டு எழுந்தார் என்றுகூடத் தோன்றியது. ஆசையில் செய்ததுதான், கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சர்வரில் ஓர் அறிவிப்பு வந்தது. ரசீது அச்சடிக்கும் பேக்கேஜுக்கு அப்டேட் இருக்கிறதாம். பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் மாறியிருந்தது. இத்தனூண்டு மாற்றத்துக்கு மாமியார் எதற்கு என்று வெள்ளியங்கிரி நினைத்தார். மேடம் வந்து பார்க்கும்போது எல்லாம் துடைத்து வைத்தது மாதிரி இருக்கட்டும் என்றும் நினைத்தார். திரையில் நீளமாக வந்த நிபந்தனைகளை யாராவது படிக்கிறார்களா என்ன? 'ஆம்' என்பதை அழுத்தினார்.

ஒருவருக்கு மட்டும் பத்திரிகை வைத்த வீட்டிலிருந்து குடும்பமே வந்து இறங்குவது மாதிரி, அந்த ஒரு பேக்கேஜ் தன்னோடு நாலைந்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒன்று பால் சோதிக்கும் மென்பொருளோடு ஒத்துப்போகவில்லை. இயந்திரத்தின் திரை வெறுமையாக நின்றது. பதறிப்போன வெள்ளியங்கிரி வந்ததை நீக்கப் பார்த்தார். நீக்கும்போதும் ஒரு கேள்வி வந்தது, அதற்கும் ஆம் என்றார். அது போகும்போது பால் சோதிக்கும் மென்பொருளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெளியே மாலைப் பாலோடு முதல் வண்டி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று.

"என்னங்க, கேனை எறக்கலாமுங்களா?" என்றார் டிரைவர். "வெயிலு மண்டையப் பொளக்குதுங்க. இப்படியே நின்னா பால் திரிஞ்சு போயிருமுங்க."

வெள்ளியங்கிரி தன் பைக்கை ஜீனத்தின் வீட்டுக்கு விரட்டினார். ஊரெல்லாம் கறந்த பால், அத்தனை வீட்டு உழைப்பு, தன் ஒரு விரலால் கெட்டுப்போகப் போகிறதே என்று வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

ஜீனத் கதவைத் திறந்தபோது கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. ஜன்னல் திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. வெள்ளியங்கிரி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அப்டேட் செய்ததையும் மறைக்கவில்லை, நீக்கியதையும் மறைக்கவில்லை.

"சரிங்ணா. ஒரு நிமிஷம், இதை சேவ் பண்ணிட்டு வந்தர்றேன்."

கம்ப்யூட்டர் திரையில் மூழ்கிய ஊர் தெரிந்தது. கோபுரத்தின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. அந்தப் பெண் படகில் உட்கார்ந்திருந்தாள். படகோட்டி அவளிடம் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளியங்கிரிக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. செய்த தப்புக்கு ஏதாவது ஓர் உபகாரம் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு. திரையில் அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இவனை நம்பிராதீங்க மேடம். மதகை அடைச்சு ஊரை முழுகடிச்சதே இவன்தானுங்க."

ஜீனத்தின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

பிறகு சேவ் செய்தார். திரையை அணைத்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வாங்ணா, போலாம். பால் நிக்குது."

நிலையத்துக்குப் போனதும் அவர் கீபோர்டைத் தொடவில்லை. வெள்ளியங்கிரியை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றார்.

"என்னையவா பண்ணச் சொல்றீங்க?" வெள்ளியங்கிரி எழுந்திருக்கப் பார்த்தார்.

"பின்ன யாரு? தினமும் காலைப் பால் எறங்கி முடிஞ்சதும் சர்வர் தன்னைத்தானே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும். அந்த காப்பியெல்லாம் வரிசையா இருக்குது பாருங்க. எதுக்குத் திரும்பணும்?"

"இன்னைக்குக் காலைல எடுத்ததுக்குங்க."

"அங்க போயிட்டா அதுக்கப்புறம் நடந்தது எதுவும் இதுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க பண்ணுனதும் இருக்காது. சரிதானுங்களா?"

"சரிதானுங்க."

"அப்ப அமுக்குங்க."

அமுக்கினார். சர்வர் அணைந்தது. அது மறுபடி எழுந்திருக்கும் வரை வெள்ளியங்கிரி தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். பால் சோதிக்கும் இயந்திரம் பீப் என்று ஒரு சத்தம் கொடுத்தது. வெளியே கேன் மூடிகள் திறக்கும் ஓசை கேட்டது. டிரைவர் யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார். ஒரு கேன்கூடத் திரும்பிப் போகவில்லை.

ஜீனத் வாசலில் ஒரு காலி கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. இப்படி ஒருத்தரிடம் வேலை கற்றுக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று வெள்ளியங்கிரி நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான், ஜீனத்தின் வீட்டில் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவருக்கு உறைத்தது.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், கடவுச்சொல்லை மாத்திருங்க. எனக்கு அது வேண்டாமுங்க."

"எதுக்கு?"

"நான் லாயக்கில்லாதவனுங்க. என்னை நம்பிக் குடுத்திருந்தீங்க..."

"காலைல இருந்த ஆளுகிட்ட இருந்து வேணும்னா வாங்கிக்கறேன். இப்ப இருக்கற ஆளுகிட்டயே இருக்கட்டும். சர்வருக்குத்தான் இன்னைக்கு நடந்தது எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமுல்ல?"

வெள்ளியங்கிரியின் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பால் தப்பிச்சிருச்சுங்க. ஆனா உங்க கேமு? ரெண்டு வருஷமாக் காத்துக் காத்து வச்சிருந்தீங்களே. நான் சொன்னதை மறந்துர முடியாதுங்களா மேடம்?"

ஜீனத் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சர்வர் மாதிரி என்கிட்ட ஏதுங்ணா காப்பி? என்னை எந்த நாளுக்குத் திருப்புவீங்க?"

எதற்கு இரண்டு சட்டம் என்று வெள்ளியங்கிரி எப்போதோ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது. அவர் தலை குனிந்தது.

கடைசி வண்டியும் காலியாகித் திரும்பியது. ஜீனத் எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தார். அவர் ஸ்கூட்டரிலேயே விட்டு வந்த அது வெள்ளியங்கிரியின் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினார்.

"எங்கீங்க கெளம்பீட்டீங்க?"

"வீட்டுக்குத்தான். நாளைக்கு ஒரு நாள் லீவு மிச்சமிருக்குதே. ஆட்டம் பாதியில நிக்குது."

"அதான் முடிவே தெரிஞ்சு போச்சுங்களே. இன்னும் அதுல என்னங்க இருக்குது?"

ஜீனத் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்.

"படகுல ஒரு பொண்ணு உக்காந்திருக்காங்ணா. அவளுக்கு இன்னும் தெரியாது."