சபைக்கு வந்த பட்டுத்துண்டு

முன்னொரு காலத்தில், விடிகாலைக் குளிரில் பல்லெல்லாம் கிடுகிடுக்கும் பனிவரை நாட்டை உத்தமபூபாலர் என்றொரு ராசா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர். ஒரே தொல்லை, கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதைச் சட்டமாக்கிவிடுவார். அதைத் திரும்பப் பெறச் சொன்னால் மட்டும் கிரீடத்தையே கேட்டுவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிடும்.

அரண்மனைக்கு எதிரே அங்காயி சுக்குக்காப்பிக் கடை வைத்திருந்தாள். கருப்பட்டியும் மல்லியும் கொதிக்கிற வாசனைக்கு ஊரே வரிசைகட்டி நிற்கும். மந்திரி திருமேனியும் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அதே வரிசையில் நிற்பான். சின்ன வயசு மந்திரி, பெரிய வால். வரிசையில் ஒவ்வொருவரும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, யார் குரலிலும் அச்சு அசலாகப் பேசுவான். ராணியம்மாள் மாதிரி அவன் தும்மினால் தாதிமார் கஷாயத்தோடு ஓடிவருவார்கள்.

ஒருநாள் படைத்தலைவர், தளவாய் கம்பீரராயர், மீசையை முன்னே அனுப்பிவிட்டு அதன் பின்னால் வந்து சேர்ந்தார். வரிசை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்போல நேரே பானையருகே போய்க் கையை நீட்டினார். கடைசியில் நின்ற திருமேனிக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள் அங்காயி.

"க்ர்ரும். நான் யார் தெரியுமா?"

"தெரியாமல் என்ன, தளவாயே? மந்திரிக்கு அடுத்த ஆள்."

வரிசை முழுக்கச் சிரித்தது. தளவாய்க்கு ஏற்கனவே மந்திரியைக் கண்டால் ஆகாது. காப்பி குடிக்காமலே வாய் வெந்து போனார்.

மறுநாள் விடியுமுன்னே தன் சரிகைப் பட்டுத்துண்டை ஆள்விட்டு வரிசையின் தலைப்பில் விரித்து இடம்பிடித்தார். பிறகு நிதானமாகக் குளித்து, மீசைக்கு எண்ணெய் போட்டு வந்து பார்த்தால் பானை காலி. துண்டு காப்பி கேட்கவில்லையே என்று அங்காயி அடுத்தவர்களுக்கு ஊற்றிவிட்டாள்.

தளவாய் நேரே ராசாவிடம் ஓடினார். துண்டை அவமதித்தது தன்னை அவமதித்தது, தன்னை அவமதித்தது ராசாவையே அவமதித்தது என்று ஓதினார். ராசாவும், பெரிய மனுஷர் துண்டு எங்கே கிடக்கிறதோ அங்கே அந்தப் பெரிய மனுஷரே இருப்பதாக அர்த்தம் என்று சட்டம் போட்டுவிட்டார். அங்காயியின் கடையை மறுநாள் உச்சிவேளைக்குள் இடித்துத் தள்ளவும் உத்தரவு.

திருமேனி எழுந்தான். அது தப்பு என்று சபையிலேயே சொன்னான்.

"அப்படியா?" ராசாவின் புருவம் ஏறியது. "என் சட்டத்தை எள்ளளவும் மீறாமல், அது தப்பு என்று காட்டு. காட்டாவிட்டால் அந்தக் கடைக்காரியோடு நீயும் எல்லையைத் தாண்டிப் போய்விடு."

தளவாய் மீசைக்குள் சிரித்தார். திருமேனி பணிவாக வணங்கினான். குனிந்த முகத்தில் குறும்பு பொங்கியதை யாரும் பார்க்கவில்லை.

விடிந்தது. பட்டுத்துண்டு முந்தின நாள்போலவே வரிசையின் தலைப்பில் படுத்திருந்தது. திடீரென்று மேளம், கொம்பு, வெண்குடை. திருமேனி துண்டின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, "தளவாய் அவர்களே, சபைக்கு நேரமாகிறது" என்றான். துண்டைப் பல்லக்கில் ஏற்றி, ஊரே பின்தொடர, அரண்மனைக்குக் கொண்டுபோய்த் தளவாயின் ஆசனத்தில் உட்காரவைத்தான். ராசாவால் தடுக்க முடியவில்லை. சட்டம் அவர் போட்டது.

சற்று நேரத்தில், துண்டையும் காணாமல் காப்பியையும் காணாமல் நிஜத் தளவாய் மூச்சிரைக்க அரண்மனை வாசலுக்கு வந்தார். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். தளவாய் உள்ளே வீற்றிருக்கிறார், மற்றவர்கள் மனுக்கொடுக்கும் வரிசையில் நிற்கவேண்டும் என்றான். வரிசை தெருமுனைவரை போய், வளைந்து மறுபடி வாசலருகே வந்து முடிந்தது. அதன் கடைசியில், கடையைக் காப்பாற்றக் கெஞ்ச வந்த அங்காயி.

"நான் யார் தெரியுமா?" என்று கத்தினார் தளவாய்.

அங்காயி திரும்பிப் பார்த்தாள். "தெரியுமே. எனக்கு அடுத்த ஆள்."

உள்ளே ராசா, ஆசனத்துத் துண்டைப் பார்த்து எல்லைக்காவல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். திருமேனி ஆசனத்துக்குப் பின்னால் குனிந்தான்.

"க்ர்ரும். பிரபு, எல்லை பத்திரம். என் மடிப்புதான் கலைந்துவிட்டது."

அதே தொண்டை, அதே செருமல். சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ராசாவுக்கும் உதடு துடித்தது.

"இன்னொன்று, பிரபு. என் அம்பாரி யானையை அங்காயிக்குத் தானமாகக் கொடுக்கிறேன். பாவம், விறகு சுமக்கக் கஷ்டப்படுகிறாள்."

"தளவாய் சொன்னால் சரிதான். கொடுத்தோம்," என்றார் ராசா.

வாசலில் நின்ற தளவாய்க்குத் தன் குரலே தன் யானையைத் தூக்கிக் கொடுப்பது கேட்டது. ஈட்டியையும் காவலனையும் தள்ளிக்கொண்டு தலைப்பாகை அவிழ உள்ளே பாய்ந்தார்.

"அது நானில்லை பிரபு! அது வெறும் துண்டு! நான் வேறு, என் துண்டு வேறு!"

திருமேனி ஆசனத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து, சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னான்: "பிரபு, நான் உங்கள் சட்டத்தை மீறவில்லை. மீறியது தளவாய்."

ராசா சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்தபோது சட்டம் போயிருந்தது, கடை பிழைத்திருந்தது. திருமேனிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். யானை தளவாய்க்கே திரும்பியது, ஆனால் குளிர்காலம் முடியும்வரை அது அங்காயிக்கு விறகு சுமக்கவேண்டும். கூடவே நடப்பது தளவாய்.

இத்தனை சிரிப்பில் ராசாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. காப்பி கொண்டுவரச் சொல்ல வாயெடுத்தவர், வாசலில் எட்டிப் பார்த்த அங்காயியின் முகத்தைப் பார்த்து, தானே இறங்கி நடந்தார். அங்காயி முன்னே ஓடி அடுப்பை மூட்டி, காப்பி கொதிப்பதற்குள் கடையில் வரிசை சேர்ந்திருந்தது. அதன் கடைசியில் முதல் சுமை விறகை இறக்கிவிட்டு, துண்டு இல்லாத தோளோடு தளவாய். அவருக்குப் பின்னால் நின்ற ராசா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். எட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்:

"அங்காயி, நான் யார் தெரியுமா?"

"தெரியும் மகாராசா. தளவாய்க்கு அடுத்த ஆள்."

பிறந்ததிலிருந்து முதன்முறையாக வரிசையில் ராசாவுக்கு முந்தி நின்ற தளவாயின் மீசை, கொஞ்சம் நிமிர்ந்தது.