ஆளில்லாத வீட்டோடு சண்டை போட்டவள்

கேளுங்கள், முன்னால் உட்கார்ந்திருக்கும் சின்னவர்களே! பின்னால் நின்றுகொண்டு கேட்காததுபோல் கேட்கும் பெரியவர்களே, நீங்களும்தான். கடலோரத்தில் ஒரு பட்டணம் இருந்தது. அந்தப் பட்டணத்தை ஒரு ராஜா ஆண்டார். அந்த ராஜாவின் சோற்றுக்கும் உப்புப் போட்ட ஒரு தெரு இருந்தது. அதன் பெயர் உமணர் தெரு. உமணர் என்றால் உப்பு வணிகர்கள்.

உமணர் தெருவுக்குப் பெருமை அதிகம். காரணம் இல்லாத பெருமை இல்லை.

அந்தத் தெருவில் ஒரு நகைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு காசுமாலை, தோளுக்குக் கீழே பூட்டும் வங்கி ஒரு ஜோடி, ஒரு ஜோடி ஜிமிக்கி. அவை யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். என்றோ ஒரு காலத்தில் அந்தத் தெருப் பெண்கள் உடைந்த தோடு, தேய்ந்த மூக்குத்தி என்று ஆளுக்கொரு குன்றிமணி பொன் கொடுத்துச் செய்த நகை. தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அந்த நகையைப் பூட்டிக்கொண்டுதான் மணையில் உட்காருவாள். மறுநாள் நகை பெட்டிக்குத் திரும்பிவிடும். “எங்கள் தெருவில் ஏழை வீட்டுக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது” என்று அவர்கள் சந்தையில் நின்று சொல்வார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள். எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பெட்டி வருஷத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். ஏறிய வீட்டிலிருந்து வருஷம் முடியாமல் இறங்கக் கூடாது என்பது தெருவின் கட்டுப்பாடு. அந்த வருஷம் அது செங்கமலத்தின் வீட்டில் இருந்தது. அடுத்த கல்யாணம் தகப்பன் இல்லாத அல்லிக்கு. வைகாசிக் கடைசியில் முகூர்த்தம்.

அந்தச் சித்திரையில்தான் பட்டணத்துக்கு ஒரு திருடன் வந்து சேர்ந்தான். பூனைக்காலன் என்று பெயர். இருட்டில் போகிறவனை நாய்கூடச் சந்தேகப்படும், வெயிலில் தலைச்சுமையோடு போகிறவனை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பவன். அதனால் வளையல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் தெருத் தெருவாக நடந்தான்.

முதலில் எண்ணெய் வணிகர் தெருவுக்குப் போனான். அந்தத் தெருவில் வெளியூர் போகிறவர்கள் தேங்காய் அளவு பித்தளைப் பூட்டை வாசற்கதவில் தொங்கவிட்டுப் போவார்கள். பூட்டு பெரிதென்றால் குடும்பம் பெரிது என்று அர்த்தம். பூனைக்காலன் பூட்டைப் பார்த்தான். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டான். போனான், எடுத்தான், வந்தான்.

அடுத்து நெல் வணிகர் தெரு. அங்கே யாத்திரை போகிறவர்கள் மேளம் வைத்து, வீதி சுற்றி, போகிற ஊரையும் திரும்புகிற நாளையும் உரக்கச் சொல்லி விடைபெறுவார்கள். பூனைக்காலன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தானும் ஒரு பூமாலை போட்டு வழியனுப்பினான். போனான், எடுத்தான், வந்தான்.

மூன்றாவது நெசவாளர் தெரு. அங்கே பூட்டிய வீட்டின் சாவியை வாசல் விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லா வீட்டிலும் அதே மாடம், அதே மூலை. அங்கே அவனுக்குக் கம்பி வளைக்கும் வேலைகூட இருக்கவில்லை. போனான், எடுத்தான், வந்தான்.

பட்டணம் கலங்கிப்போனது. உமணர் தெருவும் கலங்கியது. ஏனென்றால் முதல் உப்பை வாரி முடிந்ததும் தெருவில் பாதிக் குடும்பங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே உள்நாட்டுக்குப் போகும். நாற்பது நாள் கழித்து உப்பைக் கொடுத்து வாங்கிய தானியத்தோடு திரும்பும். அந்த முறை செங்கமலமும் போக வேண்டும். இரண்டு வண்டியில் ஒன்றை ஓட்டுகிறவள் அவள். போகாவிட்டால் வருஷச் சாப்பாடு இல்லை. போனால் பெட்டிக்குக் காவல் இல்லை.

அவள் புருஷன் கூத்தன் சந்தைக்குப் போய் ஒரு பூட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

“பார் கமலம்! எண்ணெய்க்காரன் பூட்டு தேங்காய் என்றால் இது பூசணிக்காய். எவன் திறப்பான்?”

“இதை எங்கே தொங்கவிடப் போறீங்க?”

“வாசல்லதான். எல்லாரும் பார்க்கட்டுமே!”

“எல்லாரும்னா அவனும்தானே?”

கூத்தன் பூட்டைக் கீழே வைத்தான். கால்விரலில் வைத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

செங்கமலம் மறுநாள் காலையில் நெசவாளர் தெருவுக்குப் போனாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு திருடியைப் போல மெல்ல நடந்து பார்த்தாள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று அவளாலேயே சொல்ல முடிந்தது. ஆள் இல்லாத வீட்டு வாசலில் கோலம் இல்லை. கூரைமேல் அடுப்புப் புகை இல்லை. கொல்லைக் கொடியில் ஈரத் துணி இல்லை. பூட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது!

அப்படியானால் தன் வாசலில் யாராவது தினமும் கோலம் போட வேண்டும். தன் அடுப்பில் யாராவது தீ மூட்ட வேண்டும். தன் கொடியில் யாராவது துணி காயப்போட வேண்டும். இடப்பக்கத்து வீட்டார் அவளோடு வண்டி கட்டுகிறார்கள். வலப்பக்கத்து வீட்டில்தான் ஆள் இருக்கும்.

வலப்பக்கத்து வீடு ஆவுடையின் வீடு.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. செங்கமலத்துக்கும் ஆவுடைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாட்டுக் கொட்டகைத் தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்று ஆரம்பித்த சண்டை, மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. நேரில் பேசமாட்டார்கள். ஆவுடை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று திட்டுவாள். செங்கமலம் பதில் சொல்லாமல் கதவைப் படாரென்று சாத்துவாள். அதுதான் அவர்கள் வழக்கம்.

ஒரு நாள் முழுக்க யோசித்தாள். தன் ரோஷத்தை ஒரு பக்கம் வைத்தாள், அல்லியின் வெறுங் கழுத்தை இன்னொரு பக்கம் வைத்தாள். அப்புறம் எழுந்து போய் ஆவுடையின் வாசலில் நின்றாள்.

ஆவுடை முறத்தில் புடைப்பதை நிறுத்தினாள். “என்னது இது? சூரியன் இன்னிக்கு எந்தப் பக்கம் உதிச்சான்? மகாராணி என் வாசலை மிதிக்கிறாள்!”

“சண்டைக்கு வரலை, அக்கா.”

“அக்காவா! மூணு வருஷமா நான் யார்னே உனக்குத் தெரியாதே.”

“சண்டை எங்கேயும் போயிடாது. திரும்பி வந்து எடுத்துக்கலாம். நாளன்னிக்கு நாங்க வண்டி கட்டறோம். நாற்பது நாள் என் வாசல்ல நீங்கதான் கோலம் போடணும். என் அடுப்புல தீ மூட்டணும்.”

“உன் வாசலுக்கு நான் கோலமா? நல்லா இருக்கே நியாயம்!”

“எனக்காக வேண்டாம். பெட்டிக்காக. அல்லி மணையில உட்காரணும்.”

ஆவுடை முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கினாள். பொறுக்கிய கல்லையே திரும்ப முறத்தில் போட்டாள்.

“என் கோலம் உன் கோலம் மாதிரி கோணலா வராதே, பரவாயில்லையா?”

“முடிஞ்ச அளவு கோணலாவே போடுங்க. திடீர்னு நேரா இருந்தா தெருவுக்குச் சந்தேகம் வந்துடும்.”

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க முறத்தை வேகமாகப் புடைத்தாள்.

செங்கமலமும் கூத்தனும் மேளம் இல்லாமல் கிளம்பினார்கள். எந்த ஊர், எத்தனை நாள் என்று சந்தையில் யாரிடமும் சொல்லவில்லை. வாசற்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கொல்லை வழியாக வெளியே வந்து, அந்தக் கதவைப் பூட்டி, சாவியை ஆவுடையின் கையில் கொடுத்தார்கள். வாசலில் பூட்டும் இல்லை, மாடத்தில் சாவியும் இல்லை.

செங்கமலம் கேட்டதற்கு மேலேயே ஆவுடை செய்தாள். அங்கே கோலம் போட்டாள். அங்கே நெல் அவித்தாள். அங்கே துணி உலர்த்தினாள். பதினாலாம் நாள் பூனைக்காலன் வளையல் கூடையோடு உமணர் தெருவில் நுழைந்தான். பெட்டி எந்த வீட்டில் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் சந்தையில் எல்லாருக்கும் தெரியுமே!

முதல் நாள் வந்தான். வாசலில் கோலம் இருந்தது. திரும்பிவிட்டான்.

இரண்டாம் நாள் வந்தான். கூரைமேல் புகை இருந்தது. திரும்பிவிட்டான்.

மூன்றாம் நாளும் வந்தான். கோலமும் இருந்தது, புகையும் இருந்தது. ஆனால் பழகின திருடனில்லையா? மூன்று நாளாக அந்த வாசற்கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லையே என்று யோசித்தான். அது உச்சிவெயிலுக்குச் சற்று முந்திய நேரம். தெருவில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் உப்பளத்தில் இருந்தார்கள். சினைமாட்டைப் பார்த்துக்கொள்ள ஆவுடை மட்டும் வீட்டில் இருந்தாள்.

“வளையலம்மா, வளையல்!” என்று கதவருகே நின்று கூப்பிட்டான். பதில் இல்லை. தட்டினான். பதில் இல்லை. கூடையைக் கீழே இறக்கினான். கை மெல்லக் கதவின் மேல் போனது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆவுடை அதைப் பார்த்துவிட்டாள். “திருடன்!” என்று கத்தலாம். உப்பளம் வரை கேட்காது. கத்தினால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அவளே சொன்னதாகிவிடும். தனியாக ஓடிப்போய்த் தடுக்கலாம். அவன் கூடைக்கு அடியில் என்ன வைத்திருக்கிறானோ! அவளுக்கு நாக்கு உலர்ந்தது.

உலர்ந்த நாக்கால் மூன்று வருஷமாகப் பழகியதைச் செய்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“அடியே செங்கமலம்! வளையல்காரன் தொண்டை கிழியக் கத்தறானே, காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கே? வாங்கறதுன்னா வாங்கு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லித் தொலை! கொல்லையில உன் புருஷனும் கொழுந்தன்களும் உலக்கையைத் தூக்கிட்டு நிக்கறாங்களே, நெல்லு குத்தவா, என் மதிலை இடிக்கவா? என் தலையெழுத்து, உனக்குப் பக்கத்துல குடியிருக்கேன்!”

பூனைக்காலனின் கை பின்னுக்கு வந்தது. “உள்ளே இருக்காங்களா, அம்மா? கூப்பிட்டேன், பதிலே இல்லையே.”

“பதிலா? என்னோட பேசியே மூணு வருஷமாச்சு. உன்கூடப் பேசிடுவாளா?”

இதுதான் அவனை ஏமாற்றியது. சிநேகிதி சொல்லியிருந்தால் பொய் என்று சந்தேகப்பட்டிருப்பான். பகையாளியின் வீட்டை எந்தப் பெண் காப்பாற்றுவாள் என்று நினைத்தான். தன் வாழ்நாளில் அவன் செய்த பெரிய தப்பு அதுதான்.

“அவள் கிடக்கறாள். எனக்குப் போடு” என்று ஆவுடை கையை நீட்டினாள்.

அவன் ஒரு வளையலை ஏற்றினான். உடைந்தது. இரண்டாவதை ஏற்றினான். உடைந்தது. மூன்றாவதும் உடைந்தது. ஆவுடையின் மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “பரவாயில்லை, பச்சை எடு” என்றாள். “இல்லை, சிவப்பே இருக்கட்டும்” என்றாள். “இது பெரிசு, அது சின்னது, அந்த அடிக்கூடையில இருக்கறதைக் காட்டு” என்றாள். உப்பளத்து ஆட்கள் கஞ்சி குடிக்கத் தெருவுக்குள் நுழையும்வரை அவனை நகரவிடவில்லை.

அவர்களைக் கண்டதும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “இவன் வளையல்காரனே இல்லை. மூணு வளையலை உடைச்சான், ஒண்ணுக்குக்கூட ‘ஐயோ’ன்னு சொல்லலை!”

கூடையைக் கவிழ்த்தார்கள். வளையலுக்கு அடியில் வளைந்த இரும்புக் கம்பிகள் இருந்தன.

ராஜாவின் முன்னால் பூனைக்காலன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒன்றைத் தவிர. “மகாராஜா, அந்த வீடு காலியாக இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். காலி வீட்டோடு யாராவது அத்தனை கோபமாகச் சண்டை போடுவார்களா?” என்று கேட்டான். சபையே சிரித்தது. மூன்று தெருக்களின் பொருளும் அந்தந்த வீட்டுக்குத் திரும்பியது.

ராஜா ஆவுடையிடம் சொன்னார்: “அம்மா, இனி உங்கள் பெட்டி இருக்கும் வீட்டு வாசலில் இரண்டு சேவகர்களை நிறுத்துகிறேன்.”

“வேண்டாங்க மகாராஜா. அவங்க வந்து நின்னா, பெட்டி இங்கேதான் இருக்குன்னு கொடி நட்ட மாதிரி ஆயிடும். சந்தையில நாங்க பேசினதே போதும். இனிமே அதையும் பேசமாட்டோம்.”

“அப்படியானால் உனக்கு என்ன வேண்டும்?”

“கல்யாணத்துக்கு வாங்க.”

நாற்பதாம் நாள் செங்கமலம் திரும்பினாள். மாட்டைக்கூட அவிழ்க்காமல் உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தாள். காசுமாலை இருந்தது. வங்கி இருந்தது. ஜிமிக்கி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு நேராக ஆவுடை வீட்டுக்குப் போனாள். ஆவுடையின் மணிக்கட்டில் இருந்த தழும்பைப் பார்த்தாள்.

“என்ன அப்படிப் பார்க்கறே?” என்றாள் ஆவுடை. “நாற்பது நாள் உன் வீட்டோட குடித்தனம் பண்ணினேன். ஒரு தடவைகூடக் கதவைப் படார்னு சாத்தலை. வீடு நல்ல வீடுதான்.”

வைகாசிக் கடைசியில் ஆவுடை கேட்டபடி ராஜா வந்தார். அல்லி காசுமாலையும் வங்கியும் ஜிமிக்கியுமாக மணையில் உட்கார்ந்தாள். எண்ணெய் வணிகர் தெரு வந்து பார்த்தது. நெல் வணிகர் தெரு வந்து பார்த்தது. நெசவாளர் தெரு வந்து பார்த்தது.

“இத்தனை அழகான நகை யாருடையது?” என்று ராஜா கேட்டார்.

உமணர் தெரு முழுவதும் எழுந்து நின்றது. ஆணும் பெண்ணும், தலை நிமிர்ந்து, ஒரே குரலில், “எங்களுடையது!” என்றது. அந்தச் சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு கணம் வாசிக்க மறந்துவிட்டார்.

ஆகவே, கேட்டவர்களே, வீட்டைவிட்டுப் போகும்போது ஊர் முழுவதற்கும் தெரியும்படி போகாமல், பிணக்கே இருந்தாலும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஏனென்றால் அண்டை வீட்டாரின் கண்ணைவிடப் பெரிய பூட்டு கிடையாது.